குழி நிறைந்தால் யார் அள்ளுவது?

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது தயங்கினேன். கவிஞர்களும் ஆய்வாளர்களும் நின்று பேசிய இடம் இது. நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாழ்நாளில் நான் அதிகம் எழுதியது எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில்தான். அதில் கற்பனைக்கு இடம் கிடையாது. ஆனால் கற்பனை இருந்தது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தனிநபர் கழிப்பறைத் திட்டம் வேகமாக நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒருநாள் ஐயா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவர் தெருவில் தனியாக வாழ்ந்த ஒரு பெரியம்மாவின் பெயர் பட்டியலில் இல்லை என்று கேட்க வந்தவர். அந்த வேலையைப் பேசி முடித்துவிட்டு, எழுந்திருக்கும்போது என்னைக் கேட்டார்: "ஏம்பா, கக்கூசு கட்டிக் குடுக்கறீங்க, நல்லது. குழி ரொம்பினா யாரு அள்ளுவா?"

நான் சுற்றறிக்கையில் படித்ததைச் சொன்னேன். "ரெண்டு குழி இருக்குங்கய்யா. ஒண்ணு நிறைஞ்சா அடுத்ததுக்கு மாத்திக்கலாம். பழசு மட்கி எருவாயிடும்" என்றேன்.

"நீ கட்டினதுல எத்தனைக்கு ரெண்டு குழி இருக்கு?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. அன்று சொல்லாத பதிலைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இலக்கிய அரங்கில் கக்கூஸைப் பற்றி என்ன பேச்சு என்று இங்கே யாரும் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். தகழியின் ‘தோட்டியின் மகன்’ சுந்தர ராமசாமியின் தமிழில் நமக்குக் கிடைத்திருக்கிறது. பெருமாள்முருகன் ஒரு தொகுப்புக்கே ‘பீக்கதைகள்’ என்று பெயர் வைத்தார். திவ்யபாரதி 2017இல் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தைக் கொண்டுவந்தார். மலத்தைப் பற்றி எழுதினால் சாதியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது என்பதை நம் எழுத்து கண்டுகொண்டது. அரசுத் திட்டங்கள்தான் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

திட்டம் வந்த வழி

முதலில் திட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மைய அரசின் ஊரகச் சுகாதாரத் திட்டம் 1986இல் தொடங்கியது. 1999இல் அது முழு சுகாதார இயக்கம் ஆனது. 2012இல் நிர்மல் பாரத் அபியான் என்று பெயர் மாறியது. 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை பாரத இயக்கம் வந்தது. வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை என்பது அப்போது வந்த கணக்கு. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கும், கோட்டுக்கு மேலே இருந்தாலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள், மனை உள்ள நிலமற்ற கூலிகள், மாற்றுத்திறனாளிகள், பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பங்கள் ஆகியோருக்கும் அந்தத் தொகை உண்டு.

பட்டியல் சாதி என்ற சொல் விதியிலேயே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். காகிதத்தில் நாம் விடுபடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த வீடுகளில் 46.9 சதவீதத்துக்கு வீட்டு வளாகத்தில் கழிப்பறை இருந்தது. பட்டியல் சாதி வீடுகளில் அது ஏறத்தாழ 34 சதவீதம்தான். ஆகவே முன்னுரிமை தந்தது நியாயம். யாரும் நமக்குச் சலுகை செய்துவிடவில்லை.

இந்தத் திட்டத்தால் நன்மையே இல்லை என்று பேச நான் வரவில்லை. விடியுமுன் எழுந்து, இருட்டிய பிறகு மறுபடி ஒதுங்கி, நடுவில் பகல் முழுவதும் அடக்கிக்கொண்டு வாழ்ந்த பெண்களை எனக்குத் தெரியும். தண்ணீர் குடித்தால் போகவேண்டி வருமே என்று வெயிலில் நடவு நட்டுக்கொண்டே தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள் அவர்கள். ஒதுங்கும் இடம் ஊர்க்காரர் வயல் வரப்பாக இருக்கும். அங்கே ஏச்சும் அடியும் விழும். அதைவிட மோசமானதும் நடக்கும். நான்கு சுவரும் ஒரு கதவும் ஒரு தாழ்ப்பாளும் அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஆண்களாகிய நாம் முழுதாக உணர்ந்திருக்க மாட்டோம். அதனால்தான் அந்தத் திட்டம் ஒழுங்காக நடக்கவேண்டும் என்கிறேன்.

மனை யாருடையது?

12,000 ரூபாய் முன்பணம் அல்ல, ஊக்கத்தொகை. நடைமுறையில் பெரும்பாலும் முதலில் கட்டிவிட வேண்டும். பிறகு படம் எடுத்து ஏற்றவேண்டும். அதன் பிறகு வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். கையில் பணம் இருப்பவருக்கு இதில் சிரமம் இல்லை. தினக்கூலிக் குடும்பத்துக்குச் செங்கல்லும் சிமெண்டும் கடனாக யார் தருவார்? ஒன்று வட்டிக்கு வாங்கவேண்டும், அல்லது ஒப்பந்தக்காரர் கையில் ஒப்படைக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மொத்தமாக எடுத்தார், மொத்தமாகக் கட்டினார். அவருக்கு லாபம் எங்கிருந்து வரும்? குழியிலிருந்துதான். சுவரும் கதவும் படத்தில் தெரியும். மண்ணுக்குள் இருப்பது தெரியாது.

அடுத்து பட்டியல். தகுதியுள்ளவர் யார் என்பதை 2012இல் எடுத்த அடிப்படைக் கணக்கெடுப்பு முடிவு செய்தது. அதன் பிறகு திருமணமாகித் தனிக்குடித்தனம் போனவர்கள், கணக்கெடுப்பு நாளில் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ வெளியூர் போயிருந்தவர்கள் விடுபட்டார்கள். விடுபட்டவர்களைச் சேர்க்கப் பின்னால் தனி ஏற்பாடு வந்தது உண்மை. ஆனால் விடுபட்டேன் என்று மனு எழுதிக்கொண்டு அலுவலகப் படி ஏறத் தெரிந்தவருக்கே அது பயன்பட்டது. ஐயாவைப் போல ஒருவர் தெருவில் இல்லாத ஊர்கள்தான் அதிகம்.

மூன்றாவது மனை. கழிப்பறை கட்ட இடம் வேண்டும். நம் தெருக்களில் ஒரு மனையில் மூன்று குடும்பம் இருக்கிறது. அந்த மனைக்கும் பட்டா இருக்காது. இது நேற்று வந்த குறை அல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் படித்துப் பாருங்கள். பறையர் குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம் என்ற நிலையை அவர் பதிவு செய்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பிறகு 1971இல் குடியிருப்பு மனைகளை உழவுத் தொழிலாளர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இன்று வாய்க்கால் புறம்போக்கிலும் குளக்கரையிலும் நம் வீடுகள் இருக்கின்றன. புறம்போக்கில் கழிப்பறை கட்ட எந்த அலுவலர் துணிந்து கையெழுத்துப் போடுவார்? கழிப்பறைக் கோரிக்கையின் முதல் வரி மனைப்பட்டா என்று நான் சொல்வது இதனால்தான்.

எம்-புக்கில் இருந்த கற்பனை

2019 அக்டோபர் 2 அன்று சபர்மதியில், ஊரக இந்தியா திறந்தவெளியில் மலம் கழிப்பதிலிருந்து விடுபட்டுவிட்டது என்று பிரதமர் அறிவித்தார். பத்து கோடிக்கும் மேல் கழிப்பறை கட்டியதாகக் கணக்கு.

அதற்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 25 அன்று, மத்தியப் பிரதேசம் சிவபுரி மாவட்டத்தில் பாவ்கேடி என்ற ஊரில் பன்னிரண்டு வயதும் பத்து வயதுமான இரண்டு தலித் பிள்ளைகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். வெளியே மலம் கழித்தார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த ஊர் திறந்தவெளிக் கழிப்பிடமற்ற ஊர் என்று ஏற்கெனவே பட்டியலில் ஏறியிருந்தது. அந்தப் பிள்ளைகளின் வீட்டில் கழிப்பறை இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பட்டியல் ஊரைச் சுத்தம் என்று சொல்கிறது. பிறகு அந்த ஊரில் ஒருவர் வெளியே போனால் அது திட்டத்தின் தோல்வியாகத் தெரியாது, அவருடைய குற்றமாகத் தெரியும். கழிப்பறை கிடைக்காதவரே தண்டிக்கப்படுவார். பொய்க் கணக்கு உயிரையும் எடுக்கும் என்பதை அந்தச் செய்தியைப் படித்த அன்று உணர்ந்தேன்.

ஏனென்றால் நானும் கணக்கு எழுதியவன். இலக்கு மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கு வரும், ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்குப் போகும். வாரம் ஒரு கூட்டம். "உங்க ஒன்றியம் மட்டும் சிவப்புல இருக்கு" என்பார்கள். ஒரு குழியைப் பார்த்துவிட்டு இரண்டு குழி என்று அளவெழுதினேன். கூரை போடாததை முடிந்தது என்று எழுதினேன். விறகு அடுக்கியிருந்ததைப் பயன்பாட்டில் உள்ளது என்று எழுதினேன். கட்டாயம் இருந்தது என்பது உண்மை. கையெழுத்து என்னுடையது என்பதும் உண்மை.

நான் மட்டும் அல்ல என்பதற்கு அரசின் ஆவணங்களே சாட்சி. முந்தைய திட்டங்களை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2015 அறிக்கை, தணிக்கையில் பார்த்த வீட்டுக் கழிப்பறைகளில் 30 சதவீதத்துக்கும் மேல் செயல்படவில்லை என்றது. 2018 இரண்டாம் பாதியில் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 76ஆம் சுற்று, ஊரகக் குடும்பங்களில் 28.7 சதவீதத்துக்குக் கழிப்பறை வசதி இல்லை என்றது. அதே காலத்தில் திட்டத்தின் இணையப் பலகை ஏறத்தாழ 95 சதவீதம் முடிந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டிருந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், எந்தக் கழிப்பறையும் பயன்படுத்தாத குடும்பங்கள் நாட்டில் 19 சதவீதம்.

இரண்டு குழிகள்

இனி ஐயாவின் கேள்விக்கு வருகிறேன்.

இரட்டைக் குழிக் கழிப்பறை எளிமையான, நல்ல ஏற்பாடு. ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு குழிகள். பக்கச் சுவரில் தேன்கூடு போல இடைவெளி விட்டுக் கட்டவேண்டும். அடியில் சிமெண்டு பூசக்கூடாது. தண்ணீர் மண்ணில் இறங்கிவிடும், திடப்பொருள் தங்கும். நடுவில் உள்ள சேம்பரில் ஒரு வழியை அடைத்தால் கழிவு மற்றக் குழிக்குப் போகும். ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு குழி நிறைய ஐந்து ஆண்டு அளவில் ஆகும். அடைத்த குழியை ஒன்றரை, இரண்டு ஆண்டு விட்டுவிட்டால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத கருப்பு மண்ணாகிவிடும். அதை வீட்டுக்காரரே மண்வெட்டியால் எடுத்து வாழைக்குப் போடலாம். இது மலம் அள்ளும் வேலை அல்ல. ஆகவே அதற்கென்று ஒரு சாதி தேவையில்லை.

அரசுக்கும் இது தெரியும். 2017 பிப்ரவரியில் மைய அரசின் குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயர், தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் கங்காதேவிபள்ளி என்ற ஊரில் ஒரு வீட்டுக் குழிக்குள் தானே இறங்கி மட்கிய எருவை வெளியே எடுத்தார். நாடு முழுவதும் செய்தி ஆனது. அவர் செய்தது நல்ல காரியம். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அது ஏன் செய்தி ஆனது? குழிக்குள் யார் இறங்கவேண்டும் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும் என்பதால்தானே?

டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வட இந்தியக் கிராமங்களை வைத்து 2017இல் ஒரு நூல் எழுதினார்கள். மலிவான குழிக் கழிப்பறையை மக்கள் ஒதுக்குவதற்கு வறுமையும் அறியாமையும் முதற்காரணம் அல்ல, தூய்மை–தீட்டு எண்ணமும் குழியை அள்ளுவது யார் என்ற சாதிக் கேள்வியும்தான் காரணம் என்பது அவர்கள் முடிவு. நான் ஓவர்சியராகக் கண்டதும் அதுதான். ஊர்த் தெருவில் இரண்டு சிறு குழி என்றால் கேட்கமாட்டார்கள். "ஒரே குழியா, பெருசா, ஆழமா போடுங்க சார். எங்க காலத்துல ரொம்பக்கூடாது" என்பார்கள். வசதி உள்ளவர் 12,000 ரூபாயோடு தன் பணம் ஐம்பதாயிரம் போட்டு செப்டிக் டேங்க் கட்டினார். நம் தெருவில் பணம் இல்லாததால் ஒரு குழி. காரணம் வேறு வேறு. முடிவு ஒன்று: இரண்டாவது குழி எங்கும் இல்லை.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், மலம் முழுமையாக மட்குவதற்கு முன் கையால் அகற்ற வேண்டிய நிலையில் உள்ள கழிப்பறையைச் சுகாதாரமற்ற கழிப்பறை என்கிறது. ஒற்றைக் குழி நிறைந்தால் என்ன செய்யவேண்டும்? மறுநாளும் போகவேண்டுமே, மட்கும்வரை காத்திருக்க முடியாது. ஈரமாகவே அள்ளவேண்டும். அப்படியானால் அரசு ஒரு கையால் தடை செய்த கழிப்பறைக்கு இன்னொரு கையால் பணம் கொடுத்திருக்கிறது. அந்தப் பணத்துக்கான அளவை என்னைப் போன்றவர்கள் எழுதியிருக்கிறோம். நான் பணியில் இருந்தபோது கட்டிய குழிகள் பல இப்போது நிறையும் காலம். இதை நான் ஒரு எச்சரிக்கையாகவே சொல்கிறேன்.

செப்டிக் டேங்க் கதை தெரிந்ததுதான். வண்டி வந்தால் உறிஞ்சும். வண்டி நுழையாத சந்தில், அல்லது வண்டிக்காரர் கேட்ட தொகையைக் கொடுக்க மனமில்லாத வீட்டில், ஆளைக் கூப்பிடுவார்கள். மூடியைத் திறந்து இறங்கியவர் விஷவாயுவில் மயங்குவார். அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். இந்தச் சாவுகளில் அரசே தரும் கணக்குகளின்படி தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரவேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. கழிப்பறைக்கு 12,000; சாவுக்கு 30 லட்சம். நடுவில் சாகாமல் இருப்பதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை எந்த வரவுசெலவுத் திட்டத்திலாவது நீங்கள்தான் தேடிப் பார்க்கவேண்டும்.

தண்ணீரும் துடைப்பமும்

தொகையை 10,000லிருந்து 12,000 ஆக உயர்த்தியபோது, தண்ணீர் சேமிக்கவும் கைகழுவவும் சேர்த்துத்தான் என்றார்கள். சரிவான கிராமியக் கோப்பைக்கு ஒருமுறைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் போதும். கடையில் வாங்கும் சாதாரணக் கோப்பைக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். மேட்டுத் தெருவில் குழாய் நிற்காது. பள்ளத்தெருவுக்குத் தண்ணீர் கடைசியில் வரும். ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் அதைக் கோப்பையில் ஊற்றச் சொல்கிறோம்.

புதுக்கோட்டை வேங்கைவயலை மறந்துவிட்டுச் சுகாதாரத்தைப் பேசமுடியாது. 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை பாதிக்கப்பட்ட மக்களைச் சேர்ந்த மூவர் மீதே குற்றம் சுமத்தியது. அந்த மக்களும் தலித் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. 1927இல் மகாடில் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளிக் குடித்ததற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பிறகும் நமக்குத் தண்ணீர்ப் பிரச்சினை என்பது வெறும் குழாய்ப் பிரச்சினை ஆகவில்லை.

துடைப்பத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001க்குப் பிறகு தமிழ்நாட்டில் ஊராட்சிதோறும் பெண்கள் சுகாதார வளாகம் கட்டினார்கள். நல்ல எண்ணம். சில ஆண்டுகளில் பல வளாகங்கள் பூட்டிக் கிடந்தன. மோட்டார் பழுது, தண்ணீர் இல்லை என்பார்கள். கொஞ்சம் பேசிப் பார்த்தால், யார் கழுவுவது என்ற கேள்வி வரும். கழுவ யாரை அழைத்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். இப்போது ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். பெயரில் காவலர் இருக்கிறது. வேலையில் நிரந்தரம் இல்லை. அந்த வேலையில் இருப்போரின் சாதிவாரிக் கணக்கை ஒரு மாவட்டத்துக்காவது எடுத்தால், ஒரு மாணவர் நல்ல ஆய்வேடு எழுதலாம்.

நாம் செய்யக்கூடியது

முடிக்கும் முன் சில வேலைகளைச் சொல்கிறேன். நான் அலுவலகத்தில் இருந்தவன் என்பதால் எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்று கொஞ்சம் தெரியும்.

முதலாவது, உங்கள் ஊராட்சியில் கழிப்பறை கட்டி முடித்ததாக உள்ள பயனாளிகள் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பட்டியலோடு தெருவில் நடங்கள். வீட்டுக்கு மூன்று கேள்வி போதும்: இருக்கிறதா, போகிறீர்களா, எத்தனை குழி? கிடைத்ததைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக எழுத வையுங்கள்.

இரண்டாவது, ஒற்றைக் குழி உள்ள வீடுகளுக்கு இரண்டாவது குழி கேளுங்கள். புதிதாகக் கட்டுவதற்குப் பணம் உண்டு என்றால் தவறாகக் கட்டியதைத் திருத்தவும் உண்டு என்று வாதிடுங்கள். பதினைந்தாம் நிதிக்குழு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைக்கப்பட்டது. அது எங்கே செலவானது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2024இல் தமிழ்நாடு நிறைவேற்றிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தையும் கையில் எடுங்கள்.

மூன்றாவது, மனைப்பட்டா மனுவையும் கழிப்பறை மனுவையும் ஒன்றாகக் கொடுங்கள்.

நான்காவது, குழி அள்ள யாராவது நம் ஆட்களைக் கூப்பிட்டால் அது கூலிப் பேச்சு அல்ல, குற்றம். 2015இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ள வைப்பது வன்கொடுமை என்று எழுதியிருக்கிறது. "ஐந்நூறு சேர்த்துத் தர்றேன்" என்று சொல்பவரிடம் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். அதே நேரம், அந்த ஐந்நூறு ரூபாய் தேவைப்படும் நம் சகோதரருக்கு மாற்று வேலை கேட்டும் போராடுங்கள். சட்டத்தைச் சொல்லிவிட்டு அவரைப் பட்டினி போடமுடியாது.

கடைசியாக என் கதை. ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக் குழியை நானே மாற்றினேன். இரண்டு ஆண்டு மூடி வைத்திருந்த குழியைத் திறந்து மண்ணை எடுத்தேன். என் பேத்தி பக்கத்தில் நின்றாள், மூக்கைப் பொத்தவில்லை. நான் கையெழுத்துப் போட்ட வீடுகள் இருந்த ஊர்களுக்கும் போய், எங்கெங்கே ஒரு குழி என்று எழுதிக்கொண்டு வந்தேன். அந்த நோட்டை இன்று அரங்கிடம் ஒப்படைக்கிறேன். இதில் கற்பனை இல்லை. எந்தெந்த வீட்டில் நான் பொய் எழுதினேன் என்பதும் இதில் இருக்கிறது. என் பெயரைச் சொல்லியே மனுப் போடுங்கள்.

ஐயா கேட்ட கேள்விக்கு என் பதில் இது. குழி நிறைந்தால் யாரும் பிறர் மலத்தை அள்ளக்கூடாது. அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் இரண்டாவது குழி வேண்டும். தன் வீட்டுக் குழியைத் தானே திறக்கும் மனம் ஊர்த் தெருவுக்கும் வரவேண்டும். முதலாவதை அரசிடம் கேட்டு வாங்கலாம். இரண்டாவதை அப்படி வாங்கமுடியாது. அதற்குத்தான் இந்த அரங்கும், நீங்களும், நம் எழுத்தும்.